ஆகாயத்துக்குப் பட்டா உண்டா?

குத்தாலத்தில் வயலுக்குப் பட்டா உண்டு. வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. குளத்து மீனுக்குக் குத்தகை உண்டு. தலைக்கு மேலே இருக்கிற வெட்டவெளி யாருடையது?

வேலையற்றவர் கேள்வி இல்லை இது. அந்த வெளியில் ஓடும் செல்போன் அலைக்கற்றையை 2022-இல் மத்திய அரசு ஏலம் விட்டது. ஏலம் கேட்கப்பட்ட தொகை சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்.

காவிரியின் தென்கரையில் உக்தவேதீஸ்வரர் கோயில் கொண்ட குத்தாலத்திலிருந்து வடக்கே போய், கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. அங்கே திரை விலகினால் தெரிவது பொன் வில்வ மாலைகளும் வெறுவெளியும்தான். ஆகாயம் ஒன்று, எங்கும் நிறைந்தது, கூறு போட முடியாதது என்றார்கள் வைசேஷிகர்கள். குடத்துக்குள் இருக்கும் வெளியும் வெளியே இருக்கும் வெளியும் ஒன்றே, எல்லை குடத்துக்குத்தான் என்றார்கள் அத்வைதிகள். மின்காந்த அலையை அந்த ஆகாயத்தோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை. ஆனால் கூறு போட முடியாத ஒன்றில் ஒருவருக்கு மட்டும் உரிமை எப்படி வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பாக வங்காள கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. வானலைகள் பொதுச்சொத்து, பொதுநலனுக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றது தீர்ப்பு. 2012 பிப்ரவரி 2 அன்று 122 இரண்டாம் தலைமுறை (2ஜி) செல்போன் உரிமங்கள் ரத்தானதும் இந்த அடிப்படையில்தான். 2018-இல் அதே நீதிமன்றம் காவிரியும் தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் தனி உரிமை கொண்டாட முடியாது என்றது.

பொதுச்சொத்து என்பதால் பங்கு பிரிக்காமல் விட்டுவிட முடியுமா? முடியாது. பக்கத்துப் பக்கத்து டவர்கள் இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசினால், நடுவில் இருப்பவர் போனில் எதுவும் சரியாக விழாது. டவரின் காலடியில் நிற்பவருக்குக் கவலையில்லை. இரண்டு டவரின் எல்லையும் சந்திக்கிற வரப்பில் நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டவருக்குக் கிட்டே இருப்பவர்கள் எல்லா டவரிலும் அதே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். எல்லையில் இருப்பவருக்கு மட்டும், பக்கத்து டவர் தொடாத ஒரு துண்டை ஒதுக்கிவிடு. கடைமடைக்குத் தண்ணீர் சேர, தலைமடையில் மடையை அடைக்கும் முறைப்பாசனத்தைப் பார்த்த டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் தண்ணீரோடு உள்ள ஒப்புமை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. மேட்டூரில் 93.47 டிஎம்சி தேக்கி வைக்கலாம். அலைக்கற்றையைத் தேக்க முடியாது. இந்த நொடி பயன்படாதது இந்த நொடியே வீண். நாளைக்கென்று மிச்சம் பிடிக்க அதில் எதுவும் இல்லை.

700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கதை இதற்குச் சாட்சி. அதன் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 5ஜிக்கு ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கோ 9 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை தென்னந்தோப்பையும் வீட்டுச் சுவரையும் எளிதில் தாண்டும். குறைந்த டவர்களிலேயே அதிக ஊர்களை எட்டும். கிராமத்துக்கென்றே வாய்த்த அலைவரிசை. 2016 ஏலத்தில் மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தார்கள். கேட்க ஆளில்லை. 2021-இலும் விலை போகவில்லை. விலையை 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு, 2022-இல்தான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. பொதுச்சொத்தை மலிவாகத் தரக்கூடாது என்று காத்த ஆறு ஆண்டுகளில், அந்தச் சொத்தால் பொதுமக்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

தான் பயன்படுத்தக் கூடியதற்கு மேல் எடுத்து அழுகவிட்டால் அது அடுத்தவர் பங்கு என்று 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் வாதிட்டார். எடுத்துப் பதுக்கும் தனியாரை நினைத்துச் சொன்னது அது. விலை சொல்லிப் பூட்டி வைக்கும் அரசுக்கும் பொருந்தும்.

2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இதில் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. தக்க காரணமின்றிக் குறிப்பிட்ட காலம் பயன்படாமல் கிடக்கும் அலைக்கற்றையை, முழுவதுமாகவோ பகுதியாகவோ, அரசு திரும்பப் பெறலாம். ஆனால் ஏலத்தில் சென்னையும் சேர்ந்த தமிழ்நாடு முழுவதும் ஒரே தொலைத்தொடர்பு வட்டம். அண்ணா சாலையில் நெரிசலாக ஓடும் அலைவரிசை, குத்தாலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் சும்மா கிடந்தாலும், அனுமதியின்றி அதைத் தொட வேறு யாருக்கும் உரிமை இல்லை. பயன்பாட்டை வட்டக் கணக்கில் பார்க்காமல் ஊர்க் கணக்கில் பார்த்து, சும்மா கிடப்பதை அந்த ஊரில் பயன்படுத்த முன்வருபவருக்குத் திருப்பிவிட வேண்டும். சென்னையில் ஓடுவதைக் காட்டிக் குத்தாலத்துக் கணக்கை முடிக்க அரசு விடக்கூடாது.