இல்லறம் காப்பதும் அய்யாவுக்குச் செய்யும் பணிவிடையே



அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தவத்துக்கு அழைத்தபோது வீட்டை விட்டு வரச் சொல்லவில்லை. வீட்டோடு வரச் சொன்னார். வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருந்தவர்கள் 700 குடும்பத்தார். புருசனும் பெண்டாட்டியும் பிள்ளைகளுமாகக் கூடி, வேளை தவறாமல் கடலில் குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒரு வேளை உண்டு தவம் இருந்தார்கள். அய்யாவழியில் தவம் பிறந்த இடமே குடும்பம். அந்தக் குடும்பம் கெட்டால் தவம் கெடும். தவம் கெட்டால் தர்மம் நிலைக்காது.

இன்று குடும்பத்தைக் கெடுக்கும் கலி எங்கே நிற்கிறது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில், மதுக்கடையாக நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையாக விற்கிறது. கூலி வாங்கிய கை வீட்டுக்கு வருமுன் காலியாகிறது. தாய் பட்டினி கிடக்கிறாள், அடியும் படுகிறாள். பிள்ளை தகப்பனைக் கண்டு பயப்படுகிறான். பதியில் நாமம் சார்த்திய நெற்றி, இரவில் வீதியில் கவிழ்ந்து கிடக்கிறது.

இதைக் கண்டும், "பக்தனுக்கு எதற்கு அரசியல்? உச்சிப்படிப்பு படித்தோம், அன்னதானம் செய்தோம், அது போதாதா?" என்று கேட்பவர் உண்டு. அய்யாவின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரசு தலைவரியும் ஊழியமும் சுமத்தி, பெண்கள் மாராப்பு இடுவதையும் தடுத்த காலத்தில் அய்யா வாய் மூடி இருக்கவில்லை. அநீதியை அநீதி என்றார். சுவாதித் திருநாள் மன்னர் அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். ஒரு சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் அய்யா இசையவில்லை. அவர் வாள் எடுக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. இதுதான் அன்புக்கொடி மக்களுக்கு அய்யா காட்டிய அரசியல்.

தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-ல் அரசு இறங்கி வந்தது. ஒரு பெண்ணின் மானம் போனால் அந்த வீட்டின் மானமே போகிறது என்று அன்று முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆகவே குடும்ப மரபு என்பது பெண்ணை அடக்கி வைப்பதல்ல. அவள் பயமின்றிச் சோறாக்கி, பயமின்றிக் கண் மூடும் வீடே மரபான வீடு.

அன்று மன்னன் ஒருவன். இன்று வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரும் ஆட்சியில் பங்காளி. அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு மதுவை விலக்க அரசு முயல வேண்டும் என்கிறது. கோவிலுக்கும் பள்ளிக்கும் ஊராட்சிகளில் 100 மீட்டருக்குள்ளும், நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தத் தூரத்தை அளந்து பார்க்க ஊரில் ஆள் வேண்டாமா?

ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேருள்ள எவரும் அதில் பேசலாம். தாங்கலுக்கு வரும் தாய்மார் ஒன்றாய்ப் போய் அமர்ந்து, கடை வேண்டாம் என்று தீர்மானம் எழுதச் சொல்லலாம். எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். பேரூராட்சியில் இருப்போர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். தீர்மானம் போட்ட மறுநாளே கடை போய்விடாது. ஆனால் அது எழுத்தில் நிற்கும் ஊர்ச்சொல். ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் எடுத்துக் காட்டலாம்.

2015 ஜூலை 31 அன்று, இந்தக் குமரி மாவட்டத்தில் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கேட்டுச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் விட்டார். எங்கிருந்தோ வந்த ஒருவர் அவ்வளவு உயரம் ஏற வேண்டி வந்தது ஏன்? ஊரார் ஊராகத் திரண்டு கேட்டிருந்தால் அந்த உயிர் போயிருக்குமா? இனி ஒருவரும் அப்படி உயிர் விட வேண்டாம். எல்லாரும் கூடித் தரையில் அமர்ந்தால் போதும்.

இரண்டு காரியங்களில் எச்சரிக்கை வேண்டும். தாங்கலில் எந்தக் கட்சிக் கொடியும் ஏறக் கூடாது. அங்கே அன்புக்கொடி ஒன்றே. வாக்குக்குப் பணம் வாங்கக் கூடாது. பணம் கொடுத்து வென்றவனிடம் போய், கடையை மூடு என்று எந்த வாயால் கேட்பது? கையெழுத்திடும் முன் அவரவர் வீட்டு அலமாரியில் குப்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கலியை முதலில் விரட்ட வேண்டியது தன் மனதிலிருந்துதான்.

பதியில் தலைப்பாகை கட்டி நிற்பது, எவனுக்கும் அடிமையில்லை என்பதற்கு அடையாளம். அந்தத் தலைப்பாகை மதுவுக்கும் அவிழக் கூடாது, காசுக்கும் அவிழக் கூடாது. அடுத்த கிராமசபைக்குக் குடும்பத்தோடு போங்கள். பொறுமையாய்ப் பேசுங்கள். தர்மம் வெல்லும்.

அய்யா உண்டு.