டுலூத், ஏரிக்கரை

அக்டோபர். விடியற்காலை. சுப்பீரியர் ஏரியின் மேல் ஆவி எழும்பி நிற்கிறது. கரை மட்டும் தெரிகிறது.


அலை திரும்பும்போது கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அலை வரும் ஓசையைவிட மெல்லியது. காது அதைத்தான் தேடுகிறது.


நீரில் கை வைக்கிறேன். குளிர் முழங்கை வரை ஏறுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை.


உப்பு வாசனை இல்லாத கடல். மூக்குக்கு இது பழகவில்லை.


இந்த ஏரிக்குள் வந்த நீர் வெளியேறச் சராசரியாக 190 ஆண்டுகள் ஆகும். விரலை நனைத்த நீர் இந்த ஊரைவிட மூத்ததாக இருக்கலாம்.


ஒஜிப்வே மக்கள் இந்த இடத்தை ஒனிகமீன்ஸிங் என்கிறார்கள். தோணியைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கும் சிறு இடம். ஒரு புறம் ஏரி, மறுபுறம் துறை, நடுவே நீண்ட மணல்திட்டு. 1871-இல் அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் தோண்டினார்கள்.

தோணி சுமந்த தோள்கள் பெயரில் மட்டும் இருக்கின்றன.


கப்பல் ஊதுகிறது. மூன்று நீளம், இரண்டு குட்டை. கால்வாயின் மேலுள்ள பாலமும் அப்படியே பதில் ஊதுகிறது. நெஞ்சுக்கூடு அதிர்கிறது.

கார்கள் ஓடும் தளம் சாயாமல், மடங்காமல், கிடந்தபடியே மேலே போகிறது. 135 அடி. 1905-இல் கட்டியபோது தொங்கும் தொட்டிலில் ஆட்களைக் கடத்திய பாலம் இது. 1930 முதல் தளமே எழும்புகிறது.

கப்பல் கடக்கிறது. நீளம் ஆயிரம் அடி. கரையில் யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை கையசைக்கிறது. மேல்தளத்தில் ஒருவர் திருப்பி அசைக்கிறார்.


தண்டவாள ஓரத்தில் ஓர் உருண்டை. டாகனைட். சுண்டைக்காய் அளவு, கனம் அதிகம். பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, களிமண் சேர்த்து உருட்டிச் சுட்டது. இப்படி எண்ண முடியாத உருண்டைகள் இங்கே கப்பலேறி எஃகு ஆலைகளுக்குப் போகின்றன.

உள்ளங்கையில் துருநிறம் ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.


1960-இல் இங்கே ஒரு லட்சத்து ஆறாயிரம் பேருக்கு மேல். 2020-இல் 86,697.

தெருக்கள் செங்குத்தாக ஏறுகின்றன. மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் ஏரி தெரிகிறது.


முதல் தெரு, கிழக்கு இரண்டாம் அவென்யூ. சுவரில் வெண்கலத்தில் மூன்று இளைஞர்கள். கிளேட்டன், ஜாக்சன், மெக்கீ. சர்க்கஸில் வேலை செய்த கறுப்பினத்தவர்கள். 1920 ஜூன் 15 இரவு, பொய்க் குற்றச்சாட்டின் பேரில் ஒரு பெருங்கூட்டம் இந்தச் சந்திப்பில் அவர்களைத் தூக்கிலிட்டது.

நினைவிடம் வந்தது 2003-இல். இடையில் 83 ஆண்டுகள். அந்த மௌனத்துக்கு அமைதி என்று பெயர் வைக்க முடியவில்லை.

நிற்கிறேன். பேருந்து ஒன்று போகிறது.


ஹாக் ரிட்ஜ் மேடு. வடக்கிலிருந்து வரும் பருந்துகள் அகன்ற நீரைக் கடக்கத் தயங்கிக் கரையை ஒட்டியே தெற்கே போகின்றன. அண்ணாந்து கழுத்து வலிக்கிறது. எண்ணுவதை விட்டுவிடுகிறேன்.


வெப்பத்துக்கும் தீக்கும் தப்பி வருகிறவர்களுக்கு இந்த ஊர் புகலிடமாகலாம் என்று ஜெஸ்ஸி கீனன் என்ற ஆய்வாளர் 2019-இல் சொன்னார். குளிர்ந்த காற்று, குடிக்க நீர், காலியான இடம். அதன்பின் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இங்கேயும் 2012 ஜூன் வெள்ளத்தில் மிருகக்காட்சிச் சாலையிலிருந்து ஒரு சீல் நீந்தி வெளியேறியது. இரவில் தார்ச்சாலையில் கிடந்தது. ஈர உடம்பு, தெரு விளக்கு. அந்தப் படம் மனதில் வருகிறது, போகிறது.

வருகிறவர்கள் வரட்டும். மெதுவாக வரட்டும்.


மாலை. கற்களின் நிறம் போய்விட்டது. ஓசை மட்டும் இருக்கிறது.


தூரத்தில் ஒரு விளக்கு. இன்னொரு கப்பலாக இருக்கலாம்.


ஏரியின் கிழக்குக் கோடியில் கப்பல்கள் கடந்துபோகும் சூ மதகுகளை ஜனவரி 15 அன்று மூடுவார்கள். திறப்பது மார்ச் 25.