பழுது பார்த்தல்

கெட்டுப்போன பொருளைச் சீர்செய்வதற்குத் தமிழில் 'பழுது பார்த்தல்' என்று பெயர். கைவேலைக்கு இட்ட பெயரில் கையைப் பற்றிய குறிப்பே இல்லை. கண்ணின் தொழிலாகிய பார்த்தலே இருக்கிறது. 'செப்பனிடுதல்' என்பது மற்றொரு பெயர். செப்பம் என்னும் சொல் நேர்மை, நடுவுநிலை என்னும் பொருள்களையும் உடையது. நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்தில் மலையாள மக்கள் அதனையே 'நன்னாக்குக' என்கின்றனர். நல்லதாக ஆக்குவது என்பது அதன் பொருள். பார்த்தல், நேராக்கல், நல்லதாக்கல் ஆகிய மூன்றும் பட்டறையில் வழங்கும் சொற்கள். ஆயினும் அறநூலிலிருந்து எடுத்தவை போல ஒலிக்கின்றன. பழுதுற்ற ஒன்றினிடம் மனிதன் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது? அதனைக் களைந்து புதியதை வைப்பது எப்போது தகும், எப்போது தகாது? இவ்வினாவை ஒரு சிறு கருவியின் துணைகொண்டு ஆராய முற்படுவோம்.

பழைய பொருளைப் பேணுவதில் இந்நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டைக் கண்டிருக்கிறது. திருவிதாங்கூர் அரச மரபைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் வாங்கிய மெர்சிடிஸ்-பென்ஸ் 180 வகைக் கார் ஒன்றை, 2013இல் மறையும் வரை தம்முடனேயே வைத்துப் போற்றினார். அதன் எண் 'கேன் 42' என்பதை நகரத்தார் பலரும் அறிவர். அதற்கு மாற்றாகப் புதிய வண்டி தர உற்பத்தி நிறுவனமே முன்வந்தும் அவர் இசையவில்லை என்று நாளிதழ்கள் எழுதின. செல்வர் ஒருவரின் விருப்பம் என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆயின் செல்வருக்குப் புதியதை வாங்குவதன்றோ எளிது? பழையதை ஓடும் நிலையில் வைத்திருக்கப் பணம் மட்டும் போதாது; அதன் உள்ளுறுப்புகளை அறிந்த கைகளும், அவற்றைக் காணும் பொறுமையும் வேண்டும்.

அப்பொறுமை எத்தகையது என்பதைக் காட்டப் பழைய கார்களில் காணப்படும் வெற்றிட ரிலே என்னும் உறுப்பு நன்கு பயன்படும். முன்விளக்குகளை வேண்டாதபோது மறைத்து வைக்கும் வழக்கம் மோட்டார் உலகில் நெடுநாளாக உண்டு. 1936இல் வெளிவந்த அமெரிக்கக் கார்டு 810 வண்டியில், ஓட்டுபவர் கையால் சுழற்றி விளக்குகளை வெளிக்கொணர வேண்டும். 1963ஆம் ஆண்டின் கார்வெட் வண்டி அதற்கு மின்மோட்டாரைக் கொண்டது. அதே கார்வெட், 1968 முதல் 1982 வரை அப்பணியை வெற்றிடத்திடம் ஒப்படைத்தது.

எஞ்சின் ஓடும்போது அதன் உள்ளிழுப்புக் குழாயில் காற்றின் அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைந்து விடுகிறது. அக்குறைவை ரப்பர்க் குழாய் வழியே கொண்டுவந்து, ஒருவழி வால்வால் காத்து, ஒரு தொட்டியில் சேமிக்கின்றனர். ஓட்டுபவர் விளக்கின் பொத்தானை இழுத்ததும், மெல்லிய குழாய் ஒன்று அச்செய்தியை ரிலேக்குக் கொண்டுசெல்கிறது. ரிலேயின் உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. அது சற்றே அசைகிறது. அவ்வசைவால் பெரிய குழாயின் வழி திறக்க, விளக்கின் மூடியைத் தூக்கும் உறுப்பு இயங்குகிறது. சிறிய ஆணையைக் கேட்டுப் பெரிய ஆற்றலைத் திருப்பிவிடும் தூதன் இந்த ரிலே. இங்கு எதுவும் எதையும் இழுப்பதில்லை. ஒரு புறம் காற்றுக் குறைந்ததால், மறுபுறம் உள்ள காற்று தள்ளுகிறது. காற்றுக்கு எடை உண்டென்பதை 1643இல் டாரிசெல்லி பாதரசக் குழாயால் காட்டினார். அந்த எடையே இங்கு மூடியைத் தூக்குகிறது.

இவ்வமைப்பில் பழுது நேர்ந்தால் காட்சி வேடிக்கையாக இருக்கும். ஒரு விளக்கு எழும். மற்றொன்று பாதியில் நின்று, கண் சிமிட்டுவது போல விழிக்கும். காண்பவர் அனைவரும் விளக்கையே குறை கூறுவர். விளக்கோ நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். பிழை நான்கடி தொலைவில், எவர் கண்ணுக்கும் படாத ஒரு குழாயின் வெடிப்பில் இருக்கலாம். ஒருவழி வால்வில் இருக்கலாம். பொத்தானின் பின்னால் இருக்கலாம். ரிலேயின் சவ்வில் இருக்கலாம். தெரியும் இடம் ஒன்று, பிறந்த இடம் மற்றொன்று.

தேர்ந்த மெக்கானிக் எதையும் உடனே கழற்றுவதில்லை. அழுத்தமானியை இணைத்து முதலில் எஞ்சினின் வெற்றிடத்தை அளக்கிறார். நல்ல நிலையில் அது சுமார் 45 முதல் 55 சென்டிமீட்டர் பாதரச அளவு இருக்கும். பிறகு ஒவ்வொரு குழாயாக அடைத்துப் பார்க்கிறார். எதை அடைத்ததும் முள் நிலைத்து நிற்கிறதோ, அதற்கு அப்பால்தான் கசிவு. இவ்வாறு குற்றமற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்துக்கொண்டே சென்று, இறுதியில் ரிலேயை அடைகிறார். அப்போதும் தீர்ப்புக் கூறுவதில்லை. அதனைத் தனியே எடுத்துக் கைப்பம்பால் சோதிக்கிறார். முள் இறங்கினால்தான் அதன் குற்றம் உறுதியாகிறது. செப்பம் என்னும் சொல்லுக்கு நடுவுநிலை என்று ஏன் பொருள் வந்தது என்பதை இக்காட்சி நமக்கு விளக்குகிறது.

அடுத்து ரிலேயின் தகட்டு விளிம்பு மெல்ல நிமிர்த்தப்படுகிறது. உள்ளே சவ்வு காய்ந்த இலைபோல் விறைத்திருக்கும். துருவைத் துடைத்து, அதே கனமுள்ள புதிய சவ்வை வைத்து, விளிம்பை முன்போல் மடித்து மூட வேண்டும். அவசரக்காரர் சிலர் உறையைத் திறவாமலே வெளியெங்கும் பசையைப் பூசி விடுகின்றனர். அன்றைக்கு விளக்கு எழும். ஆயின் மறுமுறை பழுதுறும்போது எவராலும் அதனைத் திறக்க இயலாது. பழுது பார்ப்பவனுக்குப் பொருளின் உரிமையாளரிடம் உள்ள கடமையோடு, தனக்குப் பின் அதனைத் திறக்கப்போகும் முகமறியாத ஒருவனிடமும் கடமை உண்டு. அடுத்தவன் திறக்கும்படி மூடுவதே நேர்மையான வேலை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். "ஒரு நாள் உழைத்து ஒரு ரிலேயைச் சீர்செய்வதைவிட, புதியதை வாங்கிப் பூட்டுவது மலிவன்றோ? உழைப்புக்கும் விலை உண்டே?" என்பர். இது நியாயமான மறுப்பே. விறைத்த ரப்பரை எவராலும் இளமையாக்க முடியாது. பிரேக்குக் குழாயில் வெடிப்புக் கண்டால் அதை ஒட்டுப்போட்டு ஓட்டுவது, உயிரோடு விளையாடுவது. அங்கு மாற்றுவதே அறம். ஆகவே மாற்றுதல் பிழையன்று. பாராமல் மாற்றுவதே பிழை. விசாரணையின்றி ஒரு ரிலேயை வீசி எறிந்து புதியதைப் பூட்டுகிறோம். கசிவு குழாயில் இருந்ததால் விளக்கு மறுபடியும் எழ மறுக்கிறது. பணமும் போயிற்று, நல்ல உறுப்பும் குப்பைக்குப் போயிற்று. தீர ஆராய்ந்து, மாற்ற வேண்டியவற்றுள் மிகச் சிறியதை மாற்றுதல் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்க நெறி.

நம் ஆலயங்கள் இந்நெறியை நெடுங்காலமாகக் கைக்கொண்டுள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து நாளடைவில் இறுகி வெடிக்கும். அதனை நீக்கிப் புதிய மருந்து சாத்துவர். மருந்து புதிது, மூர்த்தி பழையது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் தெளிவு இருந்ததால் அன்றோ ஆலயங்கள் பல நூற்றாண்டு கடந்து நிற்கின்றன!

இன்னும் ஆழ்ந்த வினா ஒன்று உண்டு. பழுது எப்படியும் ஒருநாள் வரும். அவ்வாறு வரும்போது பொருள் எந்தப் பக்கம் விழ வேண்டும்? 1962இல் வந்த லோட்டஸ் எலான் என்னும் ஆங்கிலக் காரில் வெற்றிடமே விளக்கைத் தூக்கி நிறுத்தியது. கசிவு ஏற்பட்டால் விளக்கு தாழும், இரவுப் பாதையில் இருள் சூழும். பின்னாளில் வந்த எலான் வண்டிகளில் இம்முறையைத் தலைகீழாக்கினர். விளக்கைத் தாழ்த்தி வைப்பது வெற்றிடத்தின் வேலை. தூக்குவது வில்லின் வேலை. கசிவு வந்தால் விளக்கு தானே எழும். இரண்டிலும் பழுது ஒன்றே. ஒன்று இருளில் விழுகிறது, மற்றொன்று ஒளியில் விழுகிறது.

நம்மவர் இந்நகருக்கு வந்த வழியிலும் இதே அறிவு பணிபுரிந்தது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு வந்த மீட்டர்கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது; தம்பானூர் நிலையம் 1931இல் அமைந்தது. அப்பாதையில் நெடுங்காலம் ஓடிய வண்டிகளில் வெற்றிட பிரேக்கே இருந்தது. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் வெற்றிடம் உள்ளவரை சக்கரங்கள் உருளும். இணைப்பு அறுந்து காற்றுப் புகுந்தால், பெட்டிகள் தாமே பிரேக்குப் பிடித்து நின்றுவிடும். மலைச்சரிவில் பெட்டி கழன்றாலும் அது உருண்டோடாமல் நிற்க வேண்டும் என்று எவரோ ஒருவர் முன்கூட்டியே எண்ணியிருக்கிறார். முகமறியாத அவருடைய அறத்தை நம்பியே நம் முன்னோர் பலர் உறங்கியபடி மலை கடந்தனர்.

இனி, இவ்வாராய்ச்சி நம் வீட்டுக்குள் வருகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் இன்று அடிக்கடி கேட்கும் முறையீடு, "பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லை" என்பது. பிள்ளை பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறது. ஆயினும் இந்த மலரின் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னால் திகைக்கிறது. உடனே பிள்ளையைக் குறை கூறுகிறோம். விளக்கு அணைந்துவிட்டதா? பாட்டியிடம் தமிழில் கதை கேட்கும் பிள்ளையினிடம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மூடி மட்டும் எழவில்லை. அப்படியாயின் கசிவு எங்கே? ஊருக்குக் கடிதம் எழுதும் வழக்கம் நின்று, தொலைபேசிப் பேச்சே போதும் என்றான இடத்திலா? பெரியவர்கள் பிள்ளைகள் காணத் தமிழ் நூலைக் கையில் எடுக்காத இடத்திலா? தலைமுறைகளுக்கு நடுவே நிற்கும் தாய் தந்தையரே ரிலே. அவர்களுக்கு வந்த சிறு செய்தியைப் பெரிய ஆற்றலாக மாற்றும் பொறுப்பு அவர்களுடையது. குழாய் குழாயாக அடைத்துப் பார்க்கும் மெக்கானிக்கின் பொறுமை இங்கும் வேண்டும்.

பிள்ளையின் பேச்சில் நான்கு மலையாளச் சொற்கள் கலந்தால் பதறுவோரும் உண்டு. அவை சவ்வா, மூர்த்தியா என்று முதலில் பார்க்க வேண்டும். கடையிலும் பேருந்திலும் ஒட்டிக்கொண்ட சொற்கள் காலத்தோடு மாறும். தாத்தாவிடம் மனத்துயரைத் தமிழில் சொல்ல முடியாமற் போவதே உண்மையான இழப்பு. மொழியை எவரும் தொடலாகாத காட்சிப்பொருளாக்கிப் பசை பூசி மூடிவிட்டால், நாளை அதனைத் திறக்கும் கை இராது. தவறாகப் படித்தாலும் சிரிக்காமல் கேட்கும் வீட்டில் பிள்ளை இடறும்போதும் தமிழின் பக்கமே விழும். இடறியதும் ஏளனம் கேட்கும் வீட்டில் மௌனத்தின் பக்கம் விழும்.

பொருளாயினும் உறவாயினும் மொழியாயினும், பழுது என்பது தீர்ப்பன்று. அது விசாரணைக்கு விடுக்கப்பட்ட அழைப்பு. முதலில் பார்ப்போம், பிறகு நேராக்குவோம், அதன் பின்னரே நல்லதாக்க இயலும். நமக்குப் பின் வருவோர் திறந்து பார்க்கும்படி எதையும் மூடி வைப்போமாக.