வராதவளும் வாசகிதான்

திண்டுக்கல்லில் என் தோழி ஒருத்தி பள்ளி நூலகத்திலிருந்து பொது நூலகத்துக்கு வேலை மாறினாள். பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் புத்தகத்துக்குப் போட்டி போட்டவர்கள் பெண்பிள்ளைகள். இங்கே நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்கள். "அந்தப் பிள்ளைங்க எல்லாம் எங்கடி போனாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வரி வீட்டுக்கு; வாசிப்பு மட்டும் வீட்டில் ஒருவருக்கா? கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு வந்து உலை வைப்பவளுக்கு, அந்தக் கதவுவரை நடக்க நேரம் ஏது?

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1931இல் எழுதினார் எஸ்.ஆர்.ரங்கநாதன். உள்ளே நுழைந்தவரின் நேரம் என்றே நாம் அதைப் புரிந்துகொண்டோம். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனது ஒரு நூலகம். வராதவளும் வாசகிதான் என்று அந்த வண்டிக்குத் தெரிந்திருந்தது. தடுக்காமல் இருப்பது மட்டுமே நீதியாகிவிடாது.

தோழி இப்போது வேலை முடிந்து போகும்போது, தெருப் பெண்களுக்காக இரண்டு புத்தகங்களைத் தன் அட்டையில் எடுத்துப் போகிறாள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குச் செலவாவதும் ஒரு பெண்ணின் நேரமே.