செவிலியின் சொல்லும் ஜீவகாருண்யமே

ஜீவகாருண்யம் என்றவுடன் எறும்புக்கு வழிவிடுதலும், நீரை வடிகட்டிப் பருகுதலும், அந்தி சாய்ந்தபின் உண்ணாமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவை முன்னோர் நமக்குப் பழக்கிய நல்லொழுக்கங்கள், ஐயமில்லை. ஆயினும் நோயாளியின் படுக்கையருகே நின்று பேசும் சொல்லும் அதன்பாற்பட்டதே என்பதைத் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையில், உறவினராகிய மூதாட்டி ஒருவருக்குத் துணையாகப் பன்னிரண்டு நாள் தங்கியபோதுதான் நாம் உணர்ந்தோம். எழுபது வயதைக் கடந்தபின் கற்ற பாடம். ஆசிரியப் பணி செய்தவர்க்கு இது சற்று வெட்கமே.

மூதாட்டி வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தவர். இரவுணவைத் துறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதல்நாள் இரவு எட்டு மணிக்கு மாத்திரையும் பாலும் கொண்டுவந்த செவிலியிடம் தலையசைத்து மறுத்தார். "இப்படிப் பிடிவாதம் பிடிப்பவர் எதற்காக இங்கே வந்தீர்கள்?" என்று கடிந்துவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குச் சென்றார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. முப்பது கட்டில்களுக்கு அன்றிரவு அவர் ஒருவரே. அதே செவிலிதான் சற்று முன்னர் மூதாட்டியின் அழுக்கான ஆடையை முகம் சுளிக்காமல் மாற்றி, உடலைத் துடைத்துவிட்டிருந்தார். கையில் இருந்த கருணை நாவுக்கு வரவில்லை. அங்ஙனமாயின் அதனை முழுக் கருணை எனலாமா?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது, அருவருப்புக் கொள்ளாமை. சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயன மன்னனைக் காட்டுகிறார். அவனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், தொழுநோயுற்ற முனிவராக வடிவெடுத்து வந்து உணவேற்றான். உண்டதை அங்கேயே வாந்தியெடுத்தான். மன்னனும் அரசியும் அகலாது நின்று அவ்வுடலைக் கழுவினர். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது நாம் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். ஒவ்வாத உணவை அளித்த பிழை தன்னுடையதே என மன்னன் தன்னையே நொந்துகொண்டான் என்ற பகுதியை விட்டுவிடுகிறோம். நோயுற்றவர்மீது குற்றம் சாராதபடி பேசியதும் அவன் செய்த பணிவிடையே அன்றோ!

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உழைச்செல்வான் என நான்காமவனையும் சேர்த்தே மருத்துவத்தை வகுக்கிறது. அவனிடம் அன்போடு மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் தூய்மையும் வேண்டும் என்கிறார் பரிமேலழகர். மருந்தை எடுத்துத் தருபவனிடம் மொழித் தூய்மையை எதிர்பார்த்தது நம் சிந்தனைக்குரியது. செவிலி என்ற பெயரும் வளர்ப்புத் தாயைக் குறித்த பழஞ்சொல்லே.

1859-இல் வெளிவந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் செவிலியம் பற்றிய குறிப்பு நூலில், காற்றோட்டம், தூய்மை, உணவு ஆகியவற்றோடு பேச்சும் இடம்பெறுகிறது. நோயாளியின் அறையில் கிசுகிசுப்பது கொடுமை. அவர் தலையைத் திருப்ப வேண்டாதபடி எதிரில் அமர்ந்து பேசவேண்டும். "உமக்கு ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்ற வெற்று ஆறுதல் நோயாளியைத் தனிமைப்படுத்தும் என்பன அவர் கருத்துகள். பார்க்க வரும் உறவினராகிய நாம் இம்மூன்றையும் தவறாமல் மீறுகிறோம்!

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் விலக்கப்பட்ட வினா, "புரிந்ததா?" என்பது. வகுப்பே ஒருமித்துப் "புரிந்தது" என்னும், ஒருவருக்கும் புரிந்திராது. மாணவனையே திரும்பச் சொல்லவைக்க வேண்டும். மருத்துவமனையிலும் அவ்வாறே. மறுநாள் பணிக்கு வந்த இளஞ்செவிலி, "புரிந்ததா பாட்டி?" எனக் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "இரவில் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்" என்றார். கேட்டறிந்தபின் மருத்துவரிடம் பேசி, மாத்திரைகளை மாலை ஐந்தரை மணிக்கு மாற்றினார். எந்த மாத்திரை எதற்கு என்பதை மூதாட்டியின் வாயாலேயே சொல்லவைத்தார். இதற்கெல்லாம் பத்து நிமிடமே ஆயிற்று.

கடினமான வினா பின்னர் எழுந்தது. நோய் முற்றிவிட்டது, தாயிடம் சொல்லவேண்டாம் என்று மகன் செவிலியைக் கெஞ்சினார். பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரைக்கலாகாது என்பது இரத்தினகரண்டகம் கூறும் வாய்மை விரதம். அதனைப் பொய்க்கு அனுமதியாகக் கொள்வோர் உளர், நாம் உடன்படவில்லை. உரைக்காதே என்றால் பொய் சொல் என்று பொருளாகாது. ஆனால், நேரே வினவும் நோயாளியிடம் வாய்மூடி நிற்பதும் பொய்க்கு நிகராகிவிடுமே என்ற கலக்கம் நமக்கு இருந்தது.

ஒருநாள் மூதாட்டி செவிலியின் கையைப் பற்றி, "எனக்கு என்னம்மா?" என்றார். மகன் முகம் வெளுத்தது. செவிலி அமர்ந்தார். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது, பாட்டி?" என்றார்.

"எனக்குத் தெரியும். இவன்தான் பயப்படுகிறான்" என்றார் மூதாட்டி. பின், நிர்வாண நாளுக்குள் வீடு திரும்ப இயலுமா என்று மட்டும் கேட்டார். மருத்துவரிடம் கேட்டு வந்து சொல்வதாகக் கூறிச் சென்ற செவிலி, அன்று மாலையே விடையோடு வந்தார். அவ்வாண்டுத் தீபாவளி விடியலில், மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி, மகாவீரர்க்கு ஏற்றிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.