குதிகாலும் சக்கரத்தின் உட்புறமும்

 

ஜும்ஆவுக்கு முன்னால் ஹவுளைச் சுற்றி உட்கார்ந்து உளூச் செய்பவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முகத்தை நன்றாகத் தேய்க்கிறார்கள். கைகளை முழங்கை வரை கழுவுகிறார்கள். காலுக்கு வரும்போதுதான் அவசரம் வந்துவிடுகிறது. புறங்காலில் நீர் ஓடுகிறது, குதிகால் காய்ந்தபடியே இருக்கிறது. பிரயாணம் ஒன்றில் தோழர்கள் இப்படி அவசரப்பட்டதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனையாத அந்தக் குதிகால்களுக்காக நரகத்தைச் சொல்லி உரத்த குரலில் எச்சரித்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. முகத்தை ஊரார் பார்க்கிறார்கள். குதிகாலை யார் பார்க்கிறார்கள்?

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டது மோட்டார்ச் சக்கரத்தைப் பற்றி. ஹவுளில் தொடங்கியவர்கள் ரிம்முக்கு வந்துவிட்டார்களே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சரக்கு ஏற்றும் வேனுக்கும் குடும்பக் காருக்கும் புது ஸ்போர்ட் ரிம் மாட்டுவது பினாங்கில் நம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. அதை நாம் குறை சொல்லவில்லை. சவாரிப் பிராணிகள் ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் படைக்கப்பட்டவை என்றே திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் சொல்கிறது. கிடைத்த நிஃமத்தை எப்படிப் பேணுகிறோம் என்பதுதான் விசாரிக்கத் தக்கது.

நம்முடைய காரையே சொல்லிவிடுகிறோம். புது ரிம் மாட்டி மூன்று மாதம். வாரந்தோறும் துடைத்து வந்தோம், முகம் பார்க்கலாம் போல் மின்னியது. ஒருநாள் கப்பித்தான் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கும்போது, பழக்கப்பட்ட டயர்க் கடைக்காரர் ஒருவர் ஸலாம் சொல்லிவிட்டு, ஆரங்களுக்கு நடுவே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் கரிச்சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. 1801-ஆம் ஆண்டிலிருந்து நம் முன்னோர் தொழுதுவரும் பள்ளியின் வாசலில் நமக்கு வந்த வெட்கத்தை என்னென்பது!

அந்தக் கரி என்ன வென்று தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பிரேக் பேடும் இரும்புத் தட்டும் உரசித் தேய்கின்றன. தேய்ந்த பொடி சூடாகவே பறந்து ரிம்மின் மேல் பூசியிருக்கும் கண்ணாடி போன்ற லேக்கரில் ஒட்டுகிறது. பிரேக்கின் பாரத்தில் பெரும்பகுதியை முன் சக்கரங்கள் தாங்குவதால் அழுக்கும் அவற்றிலேயே அதிகம். பொடியிலுள்ள இரும்பு ஈரத்தில் துருவேறி லேக்கரைக் கடித்துக்கொண்டு உட்காருகிறது. நாமோ நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் இருக்கிறோம். நடைபாதைக் கல்லில் உரசி லேக்கரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்று அதன் வழியே நுழைந்து அலுமினியத்தின்மேல் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடு கோடாக அரித்துக்கொண்டு போகும். அப்புறம் துடைத்துப் பயனில்லை.

ஆகவே ரிம் புதிதாக இருக்கும்போதே காப்பிட வேண்டும். முதலில் டயரை மாட்டிச் சமன் பார்த்துவிடுங்கள். சமனுக்காக ஒட்டும் ஈயக்கட்டி போன்ற எடைகள் மெழுகு பூசிய இடத்தில் பிடிக்காமல் கழன்று விழும் என்பதால் இந்த வரிசை அவசியம். பிறகு காருக்குப் போடும் சாதாரண ஷாம்புவால் முன்னும் பின்னும் கழுவி, நன்றாக உலர்த்தி, மெழுகோ சீலண்டோ மெல்லியதாகப் பூசவேண்டும். சக்கரம் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் செய்தால்தான் உட்புறம் முழுவதும் கைக்கு எட்டும். நட்டு உட்காரும் குழியிலும் ரிம் அச்சோடு சேரும் முகத்திலும் எதையும் பூசக்கூடாது. பிரேக் தட்டில் மெழுகு பட்டால் ஆபத்து என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. நம்மூர் மழைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மறுபூச்சு தேவைப்படும்.

வாரக் கழுவலில் சூடான சக்கரத்தில் நீரை ஊற்றாதீர்கள், ஆறட்டும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனிப் பிரஷ். பிரேக் பொடி படிந்த துணி காரின் உடம்பில் பட்டால் வண்ணமெல்லாம் கீறல்தான். விடாப்பிடியான இரும்புப் பொடிக்குத் தனி மருந்து விற்கிறார்கள். அடித்த சற்று நேரத்தில் ஊதா நிறமாக ஒழுகும், நாற்றமும் குடலைப் பிடுங்கும். பயப்பட வேண்டாம், மருந்து இரும்போடு சேர்கிற அடையாளம் அது. வெயிலில் காயவிடாமல் அலசிவிட்டால் போதும்.

இதுவரை சொன்னது ரிம்மைப் பற்றி. இனிச் சொல்வது நம்மைப் பற்றி.

கரி படிந்த விரலைப் பார்த்த ஆத்திரத்தில், மலிவாகவும் சீக்கிரமாகவும் வேலையை முடிக்க ஒரு போத்தல் வாங்கினோம். வேறு பாத்திரத்திலிருந்து ஊற்றிக் கொடுத்த சரக்கு, சீட்டு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. கடைப் பையனிடம் கொடுத்து, உட்புறமெல்லாம் பளிச்சென்று ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டோம். அவன் வெறுங்கையால் தேய்த்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் லேக்கர் பால் படிந்தாற்போல் மங்கிக் கிடந்தது. நாம் முதலில் கோபித்துக்கொண்டது அதற்காகத்தான். இஷாவுக்குப் பிறகு பையனுக்கு விரல் நுனிகளில் வலி ஆரம்பித்திருக்கிறது. மேலே புண் ஒன்றும் தெரியாததாலும், ஏற்கெனவே ஏச்சு வாங்கியிருந்ததாலும், அவன் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விரல்கள் தப்பின, அல்ஹம்து லில்லாஹ். ஒரு நகம் போயிற்று.

சில சக்கர மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் இனத்து உப்போ இருக்கும். பட்டவுடன் எரியாமலே தோலுக்குள் இறங்கிச் சில மணி நேரம் கழித்து வலியைக் காட்டும், எலும்பு வரையிலும் போகக்கூடியது. பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். கால்சியம் குளுக்கோனேட் என்ற களிம்பை வைத்தியர்கள் அதற்குப் போடுகிறார்கள். சீட்டில்லாத போத்தல் எந்தக் கடையில் இருந்தாலும் இன்றே அப்புறப்படுத்துங்கள். பணியாட்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையை மிம்பரிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அன்று அது நம் கல்லாப் பெட்டி வரையிலும் வரவில்லை.

பழைய ரிம் வாங்கி விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை எடுத்துக் காட்டி, இதை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். விரிசல் விட்ட ரிம்மை உட்புறத்தில் வெல்டிங் வைத்து, மேலே வண்ணம் அடித்து விற்பதும் நனைந்த தானியம்தான். வாங்கியவர் பிள்ளை குட்டிகளோடு 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடக்கும்போது அந்த வெல்டிங்கின்மேல்தான் போகிறார். ஒட்டுப்போட்ட இடத்தைத் திருப்பிக் காட்டி, அதற்குத் தக்க விலை சொல்லுங்கள். விற்காமல் நின்றுவிட்டால் நிற்கட்டும்.

தண்ணீரைக் கணக்காகச் செலவிடுங்கள். ஏறக்குறைய இரு கை நிறையும் நீரில் உளூவை முடித்த நபியின் உம்மத், நாலு சக்கரத்துக்காகக் குழாயை அரைமணி நேரம் திறந்துவிடுவது அழகல்ல. 2024 ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி, சுங்கை டுவா நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகக் குழாய்கள் வறண்ட நாட்களை மறந்திருக்க மாட்டோம். இரண்டு வாளி தாராளம்.

கழுவி முடித்ததும் காரை அப்படியே நிறுத்திவிடாமல், தெருவில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்தித் தட்டுகளை உலர்த்துங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக, கம்பெனி குறித்த அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

இப்பொழுது வெள்ளிக்கிழமை காலையில் வலது பக்கச் சக்கரங்கள் பையனுக்கு, இடது பக்கம் நமக்கு. இருவர் கையிலும் ரப்பர் உறை. அவன்தான் முதலில் முடிக்கிறான். முடித்ததும் இந்தப் பக்கம் வந்து, ஒன்றும் பேசாமல், நாம் கழுவிய சக்கரத்தின் ஆரங்களுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்க்கிறான்.