எந்த மணிநேரம் கணக்கில் வரும்?

அனுபவத்துக்குத் தமிழில் பட்டறிவு என்று இன்னொரு பெயர் உண்டு. பட்டு அறிவது. கனடாவின் குடிவரவு விதிகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மிகக் குறுகியது. 2008இல் தொடங்கிய 'கனடிய அனுபவப் பிரிவு' வழியாக நிரந்தர வசிப்புரிமை கேட்பவர், விண்ணப்பிக்கும் முன்னுள்ள மூன்று ஆண்டுகளில் 1,560 மணிநேரம் அந்நாட்டில் திறன்சார் வேலை செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணிநேரம் என்று ஓராண்டுக் கணக்கு. அதற்குமேல் உழைத்த நேரம் சேராது. சம்பளமில்லாத பயிற்சி சேராது. முழுநேர மாணவியாக இருந்தபோது கடையில் நின்று சம்பாதித்ததும் சேராது. யாரோ ஒருவர் கூலி கொடுத்த, அரசின் பட்டியல் 'திறன்' என்று ஒப்புக்கொண்ட நேரம் மட்டுமே அனுபவம்.

இந்த முறையைக் குறைசொல்லும் முன் அதன் வரலாற்றை மறக்கக்கூடாது. 1960கள் வரை கனடா இனமும் பிறந்த நாடும் பார்த்தே ஆட்களைச் சேர்த்தது. 1967இல் வந்த புள்ளிமுறை அதற்குப் பதிலாகக் கல்வி, மொழி, தொழில் ஆகியவற்றை வைத்தது. ஆசியர்களுக்கு அதனால் கதவு திறந்தது. விதிகளில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. தம்பதியரில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராகலாம்.

பிறகு பாலினம் எங்கிருந்து வருகிறது? கணக்குக்குள்ளிருந்து வருகிறது. 2015 முதல் நடப்பிலுள்ள தரவரிசையில் மொத்தம் 1,200 புள்ளிகள். துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயதுவரை வயதுக்கு 100 புள்ளி. 40இல் அது 45 ஆகிறது. 45 வயதில் ஒன்றுமில்லை. பிள்ளை பெற்று வளர்க்கும் ஆண்டுகளும் புள்ளி கரையும் ஆண்டுகளும் ஒன்றே. துணையின் பங்கு அதிகபட்சம் 40 புள்ளி. அதில் துணையின் கல்விக்கு இடமுண்டு, மொழிக்கு இடமுண்டு, கனடாவில் பார்த்த வேலைக்கு இடமுண்டு. சொந்த நாட்டில் பார்த்த வேலைக்கு இடமில்லை. என்னிடம் படித்த ஒருத்தி இங்கே ஆறு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தாள். கணவரின் விண்ணப்பத்தில் அந்த ஆறு ஆண்டுகளின் மதிப்பு பூஜ்யம். இரண்டு பெயரையும் போட்டுப் பார்த்து, அதிகப் புள்ளி வருபவரை முன்னிறுத்துவது நியாயமான கணக்குதான். ஆனால் வேலையை விட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் அந்தக் கணக்கில் தோற்பது முன்பே முடிவாகிவிட்டது.

சரி, பெண்கள் செய்யும் அந்த வேலைக்குக் கூலி கிடைத்தால் அது திறனாகிவிடுமா? 2022இல் கனடா தன் தொழில்களை 0 முதல் 5 வரை அடுக்கியது. 0 முதல் 3 வரை உள்ளவையே திறன்சார் வேலை. குழந்தைகள் காப்பகத்தில் கற்பிப்பவர் 2ஆம் அடுக்கு. அதே குழந்தையை அதன் வீட்டில் வைத்து வளர்ப்பவர் 4ஆம் அடுக்கு. முன்னதற்குப் பட்டயப் படிப்பு வேண்டும் என்பது காரணம். வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்குத் தனித் திட்டங்கள் வந்திருக்கின்றன; ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு அவை திறந்து மூடுகின்றன.

நம் மொழியும் இதில் சளைத்ததல்ல. அம்மாவின் சமையலைக் 'கைப்பக்குவம்' என்போம். பாராட்டுதான். ஆனால் கற்று, தவறிச் செய்து, மறுபடி செய்து பெற்ற அறிவை உடம்போடு பிறந்த குணமாக அந்தச் சொல் மாற்றிவிடுகிறது. குணத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

1955இல் கனடா ஜமைக்கா, பார்படோஸ் பெண்களை வீட்டுவேலைக்கு அழைத்தபோது மணமாகாதவர்களாக, பிள்ளை இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றது. அடுத்தவர் பிள்ளையை வளர்க்க வருபவளுக்குத் தன் பிள்ளை இருக்கக்கூடாது. 1970களில், பிள்ளைகள் இருப்பதை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை என்று ஏழு ஜமைக்கத் தாய்மார்களை வெளியேற்ற உத்தரவானது. அவர்களும் ஆதரவாளர்களும் போராடினார்கள். 1979இல் அவர்கள் தங்க அனுமதி கிடைத்தது. அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் கணக்கில் வராமல் போனதோடு நிற்கவில்லை, குற்றமாகவே எழுதப்பட்டது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே நிற்பவர்களில் யாரைச் சேர்ப்பது என்பது ஒன்று. உள்ளே வந்து வாழ்ந்துகொண்டிருப்பவர் தங்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஏதோ ஓர் அளவுகோல் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது அப்படியல்ல. ஒருவரை உழைக்க உள்ளே அழைத்துவிட்டு உறுப்பினராக ஏற்க மறுப்பது கொடுங்கோன்மை என்று மைக்கேல் வால்சர் 1983இல் எழுதினார். ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்வதே அங்கே தங்கும் உரிமையைத் தருகிறது என்பது டொராண்டோவில் கற்பித்த ஜோசப் காரென்ஸின் வாதம். பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தது, பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கஞ்சி கொடுத்தது, பிள்ளையை அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தது, பனியில் வழுக்கி விழுந்து எழுந்தது — ஊர் என்பது இவற்றால்தான் ஒருவருக்குச் சொந்தமாகிறது. சம்பளச் சீட்டால் அல்ல.

அப்படியானால் சமையலுக்கும் தாலாட்டுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லலாமா? எனக்கு அதில் தயக்கம். தராசு அடுப்படிக்குள் வந்துவிடும். வாரத்துக்கு 30 மணிநேரம் தாலாட்டினாளா என்று சான்று கேட்கும். நோயாளியும், முதியவளும், உழைக்க முடியாதவளும் அப்போதும் வெளியேதான் நிற்பார்கள். வீட்டு வேலையை வளர்ப்பவளின் திறனாக ஒப்புக்கொள்வது ஒரு கோரிக்கை. வாழ்ந்த காலத்துக்கே உரிமை உண்டு என்பது அதைவிடப் பெரியது. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

மாணவிகள் பலர் நாளை இந்தப் படிவங்களை நிரப்புவீர்கள். புள்ளிக்காக யார் பெயர் முன்னால் வந்தாலும் வரட்டும். அந்தப் பெயருக்குரிய 1,560 மணிநேரமும் யாருடைய எத்தனை மணிநேரத்தின்மேல் நிற்கின்றன என்பதை வீட்டில் உட்கார்ந்து, இருவருமாக, ஒருமுறை எழுதிப் பாருங்கள். அரசு கேட்காத கணக்குதான். நமக்கு அது தேவை.